கடைசிப் பொன்னாடை

என் மனுசனுக்கு ஒரு மேடையைக் கண்டால் யாருக்காவது பொன்னாடை போர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு நித்திரை வராது. பரதநாட்டிய அரங்கேற்றமோ, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவோ, யாரோ பிள்ளையின் பிறந்தநாள் மண்டபமோ, எதுவென்றாலும் நிகழ்ச்சி முடிகிற நேரம் ஆள் கோட்டுச் சூட்டோடும் பொன்னாடைப் பையோடும் மேடை ஓரத்தில் நிற்பார். ஹோட்டல் சமையலறையில் முப்பது வருடமாக "உய் செஃப், உய் செஃப்" என்று பிரெஞ்சில் ஓம் போட்டுத் தேய்ந்த மனிதர். நாலு பேர் பார்க்க மேடையேறி இன்னொருவரைக் கௌரவிக்கும்போது தன்னையும் யாரோ கௌரவிப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. அது எனக்கு விளங்கும். அதனால் போன வருடம் வரைக்கும் நான் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

எங்களுக்கு ஒரே மகள். நாங்கள் இருக்கிற சுவிஸிலேயே, லோசான் நகரத்தில் நாடகம் படித்தாள். கண்டறியாத படிப்பு என்று சொந்தக்காரர் எல்லாரும் வாயைச் சுழித்தார்கள். படித்து முடித்ததும் அவளுக்கு முதல் நாடகம் லோசானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான ரெனானிலேயே கிடைத்தது. பழைய அச்சகம் ஒன்றைத் திருத்தி அரங்காக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்புத்தான். ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவை எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்று கேள்வி கேட்கிற பரிசோதனை நாடகம் என்று சொன்னாள். அதில் நடிப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். மற்றவனைத்தான் தான் கலியாணம் கட்டப்போவதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

அவனுடைய தாய் தகப்பன் கொங்கோவிலிருந்து வந்தவர்கள். அவன் பிறந்தது இங்கே சுவிஸில், நொஷாட்டலில். பிறந்த நாளிலிருந்து பிரெஞ்சு கதைக்கிறவன், கையில் சுவிஸ் பாஸ்போர்ட். அந்தப் பாஸ்போர்ட் எங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள் எங்கள் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

"கறுவலோ?" என்றார் மனுசன். எங்கள் ஆட்கள் ஆப்பிரிக்கரைச் சொல்லுகிற சொல் அது. பஸ்ஸில் பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டே, அவர்களுக்கு விளங்காதென்ற தைரியத்தில் சொல்லுவோம்.

"அப்பா, உங்கடை கையை ஒருக்கால் பாருங்கோ. அவனைவிட நீங்கள் கொஞ்சந்தான் வெளிறல்."

"என்ரை நிறம் வேறை," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் சிரிக்கவில்லை. "நீங்கள் ஓம் எண்டு சொல்லாட்டிலும் நான் அவனைத்தான் கட்டுவன் அப்பா. ஆனா ஓம் எண்டு சொன்னாத்தான் சந்தோசமாக் கட்டுவன். முதல்லை வந்து நாடகத்தைப் பாருங்கோ," என்றாள். மனுசன் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். ஆனால் மகளின் முதல் மேடை என்பது அவர் மூளைக்குள் வேறு ஒரு பக்கமாக வேலை செய்திருக்கிறது. அடுத்த கிழமையே தெரிந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் ரெலிபோன் எடுத்து, அரங்கேற்றத்துக்குச் சொல்லுவதுபோலச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் மூன்று வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பட்டுச் சேலை, அட்டியல், தலை நிறையப் பூ. உள்ளே போனால் இருக்க ஒரு கதிரை இல்லை. வெறும் சீமெந்து நிலம். கறுப்பு உடுப்புப் போட்ட வெள்ளைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு சுற்றிவர நிற்கிறார்கள். நடுவில் மூட்டை நிறுக்கிற பழைய தராசு. அதன்மேல் அந்தப் பெடியன் அசையாமல் நிற்கிறான்.

என் மகள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, தையல்காரர் வைத்திருக்கிற நாடாவால் அவன் தலையை அளந்தாள், மூக்கை அளந்தாள், உதட்டை அளந்தாள். அளந்ததை எல்லாம் சத்தமாக வாசித்தாள். ஒரு காலத்தில் இந்த நாட்டுப் படித்த மனிதர்கள் உண்மையிலேயே அப்படி அளந்தார்களாம். ஒரு மணித்தியாலமும் அவன் வாய் திறக்கவில்லை. வரும்போதே எங்கள் எல்லாருடைய கையிலும் ஒவ்வொரு அட்டை தந்திருந்தார்கள். மணி அடிக்கிற நேரம் யாராவது ஒருவர் தன் அட்டையில் இருப்பதை அவனைப் பார்த்து வாசிக்க வேண்டும். எனக்கு வந்தது, "எவ்வளவு வடிவாகப் பிரெஞ்சு கதைக்கிறாய்!" நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அந்த வசனத்தை எனக்குச் சொல்லாத கிழவி இல்லை. அதை வாசிக்க எனக்கு நா எழவில்லை. மனுசனுக்கு வந்தது, "அது சரி, உண்மையில் நீ எந்த நாடு?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் ஒப்புவிக்கிற மாதிரி உரத்து வாசித்தார். எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "கறுவலை ஏனக்கா தராசிலை ஏத்தி வைச்சிருக்கினம், விக்கவோ?" என்று காதுக்குள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த நாடகத்தை அன்றைக்குச் சரியாக விளங்கிக்கொண்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். விளங்கியது அவளுக்கே தெரியாது.

கடைசியில் பெடியன் தராசிலிருந்து இறங்கினான். "நான் முடித்துவிட்டேன். நீங்கள்?" என்று கேட்டான். அவ்வளவுதான். விளக்கு அணையவில்லை, திரை விழவில்லை, யாரும் குனிந்து வணக்கம் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்கள் தாங்களாக வெட்கப்பட்டு ஒவ்வொருவராக வெளியே போகும்வரைக்கும் அவன் அங்கேயே நிற்க வேண்டும் என்பதுதான் இயக்குநரின் திட்டம். வெள்ளைக்காரர் எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் எங்கள் ஆட்களுக்கு, முடிந்தது என்று ஒருவன் சொன்னால் முடிந்ததுதான். அதற்குப் பிறகு பொன்னாடை, பிறகு நன்றியுரை, பிறகு சாப்பாடு. மனுசன் பையைத் தூக்கிக்கொண்டு நடுவுக்கு நடந்தார்.

நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். கேட்டால்தானே.

சுவரோரம் நின்ற இயக்குநருக்கு முதலாவது. உயரமான சுவிஸ் மனுசி, கட்டையாய் வெட்டிய நரைத்த மயிர், ஐம்பது வயது இருக்கும். அவ கண்ணை விரித்துக்கொண்டு குனிந்து வாங்கினா. அடுத்தது விளக்குப் போட்டவர். அடுத்தது, தகரத் தகட்டில் வயலின் வில்லை இழுத்து இழுத்துப் பல் கூசுகிற சத்தம் எழுப்பியவர். அடுத்தது என் பிள்ளை. அவள் முகம் வெளிறிப்போய் இருந்தது. கையில் ஒன்று மிச்சம். அந்த ஒன்றோடு மனுசன் பெடியனுக்கு முன்னால் போய் நின்றார். நின்று முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே திரும்பி, கூட்டத்தில் நீளக் கோட்டுப் போட்டு நின்ற ஒரு வெள்ளைக்காரரிடம் போய், அவர் தோளில் போர்த்திக் கைகூப்பினார். நகரசபைப் பெரிய ஆள் என்று நினைத்தாராம். பிறகு விசாரித்தால் அவர் பக்கத்துத் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. எங்கள் ஆட்கள் முதலில் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவேயில்லை. வெள்ளைக்காரரும் தட்டத் தொடங்கினார்கள். காலால் நிலத்தை உதைத்துத் தட்டினார்கள், "பிரவோ" என்று கத்தினார்கள். நாடகத்தின் முடிவே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு மனுசி ஈரக் கண்ணோடு என் கையைப் பிடித்து, "என்ன துணிச்சலான முடிவு! நெடுகப் பயிற்சி செய்தீர்களா?" என்று கேட்டா.

"ஓம் மெடம், கனகாலமாய்," என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் இயக்குநர் ஒரு கேக் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தா. இனி ஒவ்வொரு காட்சிக்கும் மனுசன் வந்து இதையே செய்ய வேண்டுமாம்; நாடகம் போகிற மூன்று கிழமைக்கும். மகள் கேக் பெட்டியை அப்பால் தள்ளினாள். "அது நடிப்பில்லை. அது என் அப்பா. உண்மையாகவே அவர் அப்படித்தான் நினைக்கிறார்," என்றாள். "அதுதானே வேண்டும்! அதனால்தான் அதில் உயிர் இருக்கிறது," என்றா இயக்குநர்.

இந்த நாட்டில் எந்த வெள்ளைக்காரரும் எங்கள் வீடு தேடி வந்து அவரிடம் எதையும் கேட்டதில்லை. மனுசனுக்குப் புழுகமும் பெருமையும் தாங்கவில்லை, சம்மதித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கோட்டுச் சூட்டு வேண்டாம், வேட்டி கட்டுங்கள். நெற்றியில் அந்த வெள்ளைப் பூச்சு இருந்தால் இன்னும் நல்லது. பிரெஞ்சில் ஒன்றும் கதைக்க வேண்டாம். உங்கள் பிரெஞ்சு நன்றாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மனுசன், "உய் மெடம்."

அவ போனதும் நான் கத்தினேன். "உங்களையும் காட்சிக்கு வைக்கினம். விளங்கேல்லையோ? அவனைத் தராசிலை ஏத்தின மாதிரி உங்களை வேட்டியிலை ஏத்துகினம்."

"உனக்குக் கலை விளங்காது," என்றார் மனுசன். தமிழ்ப் படங்களில் சண்டை வருகிற இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனிதர்.

பெடியன் எப்படி இதற்கு ஒப்புக்கொண்டான் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. மனுசன் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் மகள் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சப்பாத்தை வாசலிலேயே கழற்றி, சோடியாக ஒதுக்கி வைத்துவிட்டு வந்தான். தேத்தண்ணி கொடுத்துவிட்டு நேரே கேட்டேன். "ஏன் தம்பி இந்த அவமானத்தைச் சகிக்கிறாய்?"

நான் பிரெஞ்சில் கதைக்கும்போதும் தம்பி என்றுதான் வாயில் வந்தது. அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "மெடம், அவர் வேறு எங்கேயும் என்னைப் பார்க்க மாட்டார். இங்கே ஒவ்வொரு நாளும் என் முன்னால் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். எத்தனை நாளைக்குத்தான் பார்த்துவிட்டுத் திரும்புவார்? ஒரு நாள் அவருடைய கை தானாக வரும்," என்றான்.

எனக்கு அழுகையும் வந்தது, கொதியும் வந்தது. ஒரு பெட்டையைக் கட்டுவதற்காக ஒருவன் ஊர் பார்க்க ஒவ்வொரு நாளும் அவமானப்பட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டுமோ? ஆனால் அவன் அப்படித்தான் காத்திருந்தான். மகளும் சுவரோரம் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்த ஆசை தொற்றிவிட்டது.

பத்திரிகையில் எழுதினார்கள். பள்ளிக்கூடங்களிலிருந்து வகுப்பு வகுப்பாகக் கூட்டிவந்தார்கள். நாடகம் முடிந்ததும் வைன் கிளாசோடு கூடி நின்று, நாங்கள் ஐரோப்பியர்கள் எவ்வளவு மோசம் என்று சந்தோசமாகக் கதைத்தார்கள். இவ்வளவு அசிங்கமான ஒரு பாத்திரத்தை எடுத்து நடிக்க உங்களுக்கு என்ன பெரிய மனம் என்று மனுசனின் கையைக் குலுக்கினார்கள். ஒரு மணித்தியாலம் மரம் மாதிரி அசையாமல் நின்ற பெடியனிடம் ஒரு மனுசி போய், "உங்கள் உடம்பில் இயல்பாகவே ஒரு தாளம் இருக்கிறது," என்றா. அவன் "மெர்சி" என்று நன்றி சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன். வாயில் நல்ல தூசணம் வந்தது, வைனோடு சேர்த்து விழுங்கினேன்.

இதெல்லாம் நடக்க, உடுப்பு மாற்றுகிற அறையில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. தொடங்குவதற்கு முன்னால் மனுசனும் பெடியனும் ஒரே நீள வாங்குப் பலகையில் இருக்க வேண்டும். முதல் நாலைந்து நாள் மனுசன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு நான் பொரித்துக் கொடுத்துவிட்ட இறைச்சி றோல்ஸில் ஒன்றை அவன் பக்கம் தள்ளினாராம். உறைப்பில் அவன் கண் கலங்க, தண்ணிப் போத்தலை எடுத்து நீட்டினாராம். வந்த புதிதில் லோசான் ஸ்டேசனில் பொலிஸ் தன்னை மறித்து மறித்துச் சோதித்ததை ஒரு நாள் சொல்லியிருக்கிறார். "என்னை இப்போதும் மறிக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமையும் மறித்தார்கள்," என்றானாம் அவன். பாஸ்போர்ட்டைக் காட்டினால், இது எங்கே எடுத்தது என்று கேட்கிறார்களாம்.

அன்றைக்கு மனுசன் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "இஞ்சேர், இஞ்சை பிறந்த பெடியனை இப்பவும் மறிச்சுச் சோதிக்கிறாங்களாம். கோதாரியிலை போவார்," என்றார். பிறகு சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "பெடியன் நல்ல பெடியன்தான்," என்றார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

கடைசிக் காட்சிக்கு இரண்டு நாளுக்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு லோசானில் உள்ள தமிழ்க் கடைக்குப் போனார். வழக்கமாக எடுக்கிற மஞ்சள் பொன்னாடைகளைக் கடைக்காரர் எடுத்துப் போட, "இது வேண்டாம், திறமானதாக் காட்டுங்கோ," என்றார். கரும் சிவப்பில் அகலச் சரிகை போட்டது ஒன்றைத் தெரிந்தெடுத்தார். வெளியே வந்து தெருவில் வைத்துச் சொன்னார். "கடைசி நாள் அவனுக்குத்தான் போர்த்தப்போறன். எங்கடை சனம் எல்லாத்தையும் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறன். எல்லாருக்கும் முன்னாலை போர்த்திப்போட்டுக் கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம்." அந்தக் கணம் என் மனுசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மகளிடம் நான் மூச்சும் விடவில்லை. தன் கண்ணால் காணட்டும் என்று விட்டேன்.

கடைசிக் காட்சி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். எங்கள் ஆட்கள் திரும்பவும் பட்டுச் சேலையோடு வந்து இறங்கினார்கள். தொடங்குவதற்குச் சற்று முன்னால் மனுசன் ஒரு வேலை செய்தார். சமையலறையில் உப்புக் கூட்டுவதற்கும் செஃப்பிடம் கேட்டுப் பழகிய மனிதர் அல்லவா, இயக்குநரிடம் போய் அனுமதி கேட்டார். "மெடம், இன்றைக்கு மட்டும் கடைசிச் சால்வையை அவருக்குப் போடலாமா?"

அவ நெஞ்சில் இரண்டு கையையும் வைத்தா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது வடிவான எண்ணம், மிகவும் வடிவான எண்ணம், ஆனால் முடியாது என்றா. அப்படிச் செய்தால் பார்க்கிறவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களை நிம்மதியாகப் போக விடுவதற்காகத் தான் இந்த நாடகத்தைச் செய்யவில்லை. அந்த உடம்புக்கு மரியாதை கிடைக்காமல் இருப்பதுதான் நாடகத்தின் உயிர். அவனை "அந்த உடம்பு" என்றுதான் சொன்னா.

"மெடம், சால்வை எங்களுடையது. போர்த்துகிற கை அவருடையது," என்றேன் நான்.

அவ என் தோளைத் தடவினா. "நீங்கள் தாய். உங்களுக்கு அப்படித்தான் இருக்கும்," என்றா. பிறகு மனுசனைப் பார்த்து, "வழக்கம்போலவே செய்வீர்கள், இல்லையா?" என்று கேட்டா.

"உய் மெடம்."

அப்படிச் சொன்னாலும் மேடையில் செய்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அதை நம்பிக்கொண்டே ஒரு மணித்தியாலமும் நின்றேன். தலை அளந்தது, மூக்கு அளந்தது, அட்டைகள் வாசித்தது, ஒன்றும் என் காதில் ஏறவில்லை. பெடியன் தராசிலிருந்து இறங்கி, "நீங்கள்?" என்று கேட்டான். மனுசன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தார். இயக்குநருக்கு மஞ்சள், விளக்குக்காரருக்கு மஞ்சள், தகரக்காரருக்கு மஞ்சள், மகளுக்கு மஞ்சள். கையில் அந்தச் சிவப்பு.

பெடியன் கண்டுவிட்டான். இத்தனை நாளும் வராத நிறம், வராத சரிகை. அவனுக்கு என்ன விளங்கியது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. பொன்னாடையை எப்படி வாங்குவது என்று ஒவ்வொரு நாளும் பார்த்துப் பழகியவன், கழுத்தைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டித் தலையைக் குனிந்து கொடுத்தான். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனுசன் பொன்னாடையை விரித்தார். வழக்கத்தைவிடக் கூட நேரம் நின்றார். கண் ஒருக்கால் சுவரோரம் போனது. அங்கே இயக்குநர் வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினா. மனுசன் திரும்பி, கையில் சைக்கிள் தொப்பியோடு நின்ற ஒரு வெள்ளைக்காரரிடம் போய் அந்தச் சிவப்புப் பொன்னாடையைப் போர்த்திக் கைகூப்பினார். அரங்கம் அதிரத் தட்டினார்கள். எங்கள் ஆட்களும் தட்டினார்கள். பெடியன் குனிந்த தலையை நிமிர்த்தக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

பிறகு உடுப்பு மாற்றுகிற அறையில் நாங்கள் நாலு பேர் மட்டும் நின்றோம். வெளியே வைன் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு நாளும் போலவே பொன்னாடைகள் எல்லாம் பைக்குள் திரும்பி வந்திருந்தன. பெடியன் கண்ணாடிக்கு முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பைக்குள் கையை விட்டுச் சிவப்பை இழுத்தெடுத்து மனுசனின் கையில் திணித்தேன்.

"இந்தாங்கோ. மெடம் வெளியிலை நிக்கிறா. இஞ்சை உங்களை ஒருத்தரும் மறிக்க மாட்டினம். இப்ப போர்த்துங்கோ, அந்தா நிக்கிறான் பிள்ளை."

மனுசன் பொன்னாடையைப் பார்த்தார். பெடியனைப் பார்த்தார். பூட்டியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்து வாங்கில் வைத்தார்.

"இஞ்சை போர்த்தி? ஆர் பாக்கப்போகினம்?" என்றார்.

பெடியன் துடைத்த கையோடு மகளிடம் திரும்பி, "என்ன சொல்லுகிறார்?" என்று பிரெஞ்சில் கேட்டான். சின்ன வயதிலிருந்து கொமூன் என்கிற நகரசபைக் கந்தோரிலும் டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் எங்களுக்காக மொழிபெயர்த்து வளர்ந்த பிள்ளை அவள். எங்களுக்கு வெட்கம் வரக்கூடியதை எல்லாம் தானாகவே குறைத்துச் சொல்லிவிடுவாள். அன்றைக்குத் தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொல்லும் குறைக்காமல் அவனுக்குச் சொன்னாள்.